இரவல் குப்பை

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. மக்குகிற குப்பை இதில், மக்காத குப்பை அதில் என்று காட்டினார்கள். காய்த்தோலில் உரம் செய்வது எப்படி, துணி துவைத்த தண்ணீரை என்ன செய்யலாம் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். கடைசியில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"பாட்டி, உங்க காலத்துல குப்பைய என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"எங்க வீட்டுல குப்பையே கெடையாது" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். முகம் கொதித்தது. வயதானவள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். குப்பை இல்லாத அந்த வாசலால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருந்திருப்பார்.

அறுபதுகளில் ஒரு பலாப்பழக் காலம் அது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் வாடகை வீடு. முன்னால் குறுகலான தெரு, பின்னால் நீளமான கொல்லை. அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. அம்மா ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அக்கா எனக்கு ரொம்ப மூத்தவள். இடையில் பிறந்தது எதுவும் தங்கவில்லை.

அம்மா கையிலிருந்து எதுவும் வெளியே போகாது. அரிசி களைந்த முதல் தண்ணீர் பால்காரம்மா வீட்டு மாட்டுக்குப் போகும். பதிலுக்குச் சாணி வரும். இரண்டாவது தண்ணீரில் குழம்புக்குப் புளி கரைப்பாள். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். முற்றிப்போன பீர்க்கங்காயைக் காயப்போட்டால் முதுகு தேய்க்க நார். கொல்லையில் குளிக்கிற கல்லிலிருந்து வாழை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தாள். முகம் கழுவ நாங்கள் கொல்லைக்குப் போனால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"அந்தக் கடைசி வாழை வாடிக் கெடக்குது. அது தூருல போயிக் கழுவு."

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வரும் காலத்தில் வீடு முழுக்க அந்த வாசனைதான். தலையணையில்கூட இருக்கும். சுளை எங்களுக்கு. சுளையைச் சுற்றியிருக்கிற சடையும் தோலும் மாட்டுக்கு. கொட்டையைக் கழுவிக் காயவைத்து, மண்சட்டியில் ஆற்று மணலைப் போட்டுப் புதைத்துவிடுவாள். ஐப்பசி மழையில் ஊரே காய்க்கு அலையும்போது எங்கள் சாம்பாரில் அந்தக் கொட்டை மிதக்கும். பழத்திலிருந்து வடிகிற பாலைக்கூடக் குச்சியில் சுற்றி வைத்துக்கொள்வாள். ஒழுகுகிற வாளிக்கு அடைப்பு.

அப்பாவின் வேட்டி நைந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் சோறு வடிக்கிற துணி. அப்புறம் அடுப்பங்கரைக் கரித்துணி. அதுவும் இற்றுப்போனால் அடுப்புக்குள் போகும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்ப்பாள். துணி அளக்கிறவர் வீட்டில் ஒரு துணியும் சாவதில்லை என்று அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்ன காலம் உண்டு.

என் பாவாடையைச் சொல்ல வேண்டும். நீலத்தில் மஞ்சள் கரை. அக்கா போட்டது. இடுப்பிலிருந்து கீழே வரைக்கும் மடித்து மடித்துத் தைத்திருக்கும். நான் வளர வளர அம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு வளையமாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருநாள் குனிந்து அந்த வளையங்களை விரலால் தொட்டாள்.

"உன் பாவாடை உன்னவிட மூத்ததாடி?"

அன்றைக்கு முழுவதும் சுவரோரமாகவே நடந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாவாடை பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கரித்துணியாகி எரிந்திருக்கும்.

இப்போது வாசலுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் குப்பை கொட்ட ஓர் இடம் உண்டு. காலையில் முனிசிபாலிட்டி வண்டி வரும். ஒவ்வொரு வீடாக நின்று அள்ளிப் போகும். எதிர்வீட்டில் முந்திரிக்கொட்டை மண்டிக்காரர் இருந்தார். அவர் வாசலில் தினமும் குவியல். வாழை இலை, முருங்கைச் சக்கை, உடைந்த சட்டி, கோழி இறகு, சாப்பிட்டு மிஞ்சிய சோறு. நாய்கள் அந்த வாசலில்தான் குடியிருக்கும். எங்கள் வாசலில் சாணி தெளித்துப் போட்ட கோலம் மட்டும் இருக்கும். வண்டிக்காரர் எங்கள் வீட்டு முன்னால் நிற்பதையே விட்டுவிட்டார். மாடு பழக்கத்தில் நின்றால்கூட ஓர் அதட்டு அதட்டித் தாண்டிப் போவார்.

ஒருநாள் அப்பா கடைக்குக் கிளம்பும்போது மண்டிக்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான், உங்கூட்டுல அடுப்பு எரியுதா இல்லியா? குப்ப வண்டிக்காரன்கூட நிக்க மாட்டேங்குறான்."

"எரியுது எரியுது" என்று அப்பா சிரித்தார்.

"கடைக்கு வர்ற ஜனத்துக்கெல்லாம் துணி கிழிக்கிறீங்க. ஒரு எலையக் கிழிச்சி வாசல்ல போடுங்க. பாக்கவாவது நல்லா இருக்கும்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவர் பெண்டாட்டியும் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஏறாமலே போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் துணி சாகாத கதையை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குச் சிதம்பரத்திலிருந்து இடம் வந்தது. பையன் மருந்துக்கடையில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் வந்து பெண்ணைப் பார்த்து, பிடித்தால் தட்டு மாற்றிக்கொள்ள நாள் குறிப்பதாகப் பேச்சு. பையனின் போட்டோ ஒன்று வந்திருந்தது. அம்மா அதைத் துணி வைக்கிற டிரங்குப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள். அக்கா துணி மடிக்கிற சாக்கில் அதை எடுப்பாள். பார்ப்பாள். எடுத்த மாதிரியே, விளிம்பு நேராக, திருப்பி வைப்பாள். அவள் மடிக்கவேண்டிய துணி அந்த நாட்களில் ரொம்ப இருந்தது.

அக்காவுக்கு வேறு இடங்கள் வந்து நின்றுபோயிருந்தன. இது நின்றால் வயது ஏறிவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வயதைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு இந்த இடம் வேண்டும். அது எனக்கே தெரிந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். எங்கள் வாசலைப் பார்த்தார்.

"மொட்டையா இருக்குது" என்றார்.

"என்னா மொட்ட?" என்றாள் அம்மா.

"வாசல். நாலு பேரு வந்து போற ஊடு மாதிரியே இல்ல. தரித்திரம் புடிச்ச ஊடு மாதிரி இருக்குது."

"வர்றவங்க பொண்ணப் பாக்க வர்றாங்களா, குப்பையப் பாக்க வர்றாங்களா?"

"எல்லாத்தையுந்தான் பாப்பாங்க. வாசல்ல எலை கெடந்தாத்தான், இவன் பத்துப் பேருக்குச் சோறு போடுறவன்னு தெரியும். உனக்கு அதெல்லாம் புரியாது."

அம்மா பலாக்கொட்டையைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். மறுநாள் விருந்துக்கு.

விடிகாலையில் கை வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தேன். கிளப்புக் கடைகளிலிருந்தும் சத்திரங்களிலிருந்தும் சாப்பிட்ட இலையை அள்ளி, தன் எருமைகளுக்குக் கொண்டு போகிற ஒரு வண்டிக்காரர் உண்டு. அப்பா அவரை வரச் சொல்லியிருக்கிறார். வண்டி நிறைய எச்சில் இலை. புளித்த சோறும் ரசமும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்தது.

"எலையக் கேட்டு வாங்கிக்கினு போறவங்களப் பாத்திருக்கேன்" என்றார் வண்டிக்காரர். "வாசல்ல கொட்டச் சொல்றவர இன்னிக்கித்தான் பாக்குறேன். எருமை எதாச்சும் வாங்கியிருக்கீங்களா?"

"நீ கொட்டு."

"நேத்து ஆத்தங்கரைச் சத்திரத்துல அள்ளுனது. நல்ல கூட்டம் அங்க..."

"செரி செரி. கொட்டிட்டு வெளிச்சம் வர்றதுக்குள்ள போ."

அம்மா அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தாள். கோலத்துக்குப் பக்கத்தில் இலைக் குவியல் சரிந்தது. ஒன்றிரண்டு இலை கோலத்தின் மேலேயே விழுந்தது. அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள். நம் கையால் யாருக்கும் போடாத இலை. யார் வாயில் பட்டதோ தெரியாத எச்சில். அதைக் குனிந்து நகர்த்தவும் அவளுக்கு மனசில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாய்கள் எதிர்வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தன.

எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. முனிசிபாலிட்டி வண்டி இன்றைக்கு நிற்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்த வண்டி வரவேயில்லை.

வெயில் ஏறினபோது ரயிலடியிலிருந்து குதிரை வண்டி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேர். அத்தை கையில் குடை. வண்டி சரியாகக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது. இறங்க வேறு இடம் இல்லை. அத்தை புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"என்னங்க, நேத்து ஊட்டுல விசேஷம் போல" என்றாள்.

அப்பா இந்தக் கேள்விக்காகத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார்.

"நம்ம ஊட்டுல விசேஷத்துக்கு என்னா குறைச்சல்? ஜனம் வந்துகிட்டே இருக்கும். எலை போட்டுக்கிட்டே இருப்போம். நேத்துக் கொஞ்சம் ஜாஸ்தி. பந்தி பந்தியா ஒக்காந்தாங்க."

"அப்புடியா" என்று மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத் தலையாட்டினார்.

அத்தை நகரவில்லை. ஒரு நாய் இழுத்துப் பிரித்துப் போட்ட இலை அவள் காலடியில் கிடந்தது. குடை நுனியால் அதை விரித்தாள். பச்சையாகக் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்றை விரித்தாள். அதிலும் அதே.

"அகத்திக்கீர" என்றாள். "பாவக்காயும் கெடக்குது."

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அகத்திக்கீரையும் பாவக்காயும் போட்டு என்னங்க விசேஷம்?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு அந்த இரண்டையும் இலையில் வைக்க மாட்டார்கள். அது கருமாதிச் சாப்பாடு. ஆற்றங்கரைச் சத்திரத்தில் முந்தின நாள் நடந்தது அதுதான். இலை வண்டிக்காரர் சொல்ல வந்ததை அப்பா கேட்கவில்லை.

அப்பா இலைகளைப் பார்த்தார். அவற்றை அவர் முதல் தடவையாகப் பார்ப்பது அப்போதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார். "வேற யாராவது கொண்டாந்து இங்க கொட்டிட்டாங்களோ என்னமோ."

அப்பாவுக்குத் திறந்த கதவு அது. ஆமாம் என்றால் போதும். ஆனால் பந்தி பந்தியாகப் போட்டேன் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

"இல்லீங்க, நம்மூட்டுதுதான்" என்றார். "ஒரு காரியம். இவளோட சித்தி தவறிட்டாங்க. புள்ளகுட்டி இல்லாதவங்க. நாமதான் எடுத்துச் செஞ்சோம். நேத்தோட முடிஞ்சிது."

அம்மா நிலைப்படியில் சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். அவளுடைய சித்தி ஸ்ரீமுஷ்ணத்தில் நன்றாக இருக்கிறாள். அந்த வாரம்தான் வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா சொம்பை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அத்தை இரண்டடி பின்னால் போனாள்.

"நேத்துக் கருமாதி. இன்னிக்கிப் பொண்ணு பாக்க வரச் சொன்னீங்களா?"

"தூரத்துச் சொந்தந்தாங்க..."

"தூரத்துச் சொந்தத்துக்கா இத்தினி எலை?"

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. ஒல்லியான அம்மாள். காதில் பெரிய தோடு. என்னைப் பார்த்து, "கால் கழுவணும். கொல்லை எங்க பாப்பா?" என்று கேட்டாள். நான் சந்து வழியாக அழைத்துப் போனேன்.

கொல்லையில் அவள் சும்மா நின்றாள். சுற்றிப் பார்த்தாள். அடுப்பு மூட்டின கல் இல்லை. கரி இல்லை. அண்டா குண்டா கவிழ்த்த தடம் இல்லை. மூலையில் சாம்பல் பானை. கொடியில் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு. உரக்குழியில் ஒரு கை காய்த்தோல். வாழைகள் பளபளவென்று நின்றன.

"இந்த வாழைக்குத் தண்ணி எங்கேருந்து போவுது?"

"குளிக்கிற தண்ணி" என்றேன்.

"வாய்க்கால யாரு வெட்டுனது?"

"அம்மா."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கிற கல்லுக்குப் போகவில்லை. வாழைகளை ஒரு பார்வை பார்த்தாள். கடைசி வாழையின் தூரில் போய் நின்று காலைக் கழுவினாள். நான் சொல்லாமலே. எங்கள் வீட்டு ஆள் மாதிரி.

முன்பக்கம் வந்ததும் அவள் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

"வாசல்ல ஊரே தின்ன எலை கெடக்குது. கொல்லையில ஒல வச்ச தடம் இல்ல. வாசல் பொய்யா, கொல்லை பொய்யான்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தெரிஞ்சிக்கிட்டாப் போதும், நான் ஒக்காந்துக்கிறேன்."

அவள் காத்திருந்தாள். நிஜமாகக் காத்திருந்தாள். உள்ளறையில் அக்கா பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்கும். நடுவில் ஒரு துணித் திரைதான்.

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவினார். "அதான் சொன்னேனுங்களே" என்றார்.

அம்மா சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நம் அம்மாக்களை உங்களுக்குத் தெரியும். சபையில் புருஷனைப் பொய்யன் ஆக்க அவளால் முடியாது. மகளுக்காகக்கூட முடியாது. அது சரியா தப்பா என்று இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் கை நனைக்காமல் கிளம்பினார்கள். காப்பி ஆறிப்போனது. பலாக்கொட்டை போட்ட குழம்பு மூடினபடியே இருந்தது. அக்காவைக் கூப்பிடவே இல்லை. வாசலில் குதிரை அந்த இலைகளில் வாய் வைத்து மென்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் அதன் வாயை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

வண்டி தெருமுனை திரும்பியது. எதிர்வீட்டு மண்டிக்காரர் வெளியே வந்தார். குவியலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மச்சான், இத்தினி பேருக்கு எலை போட்டிருக்கீங்க. எதிர்த்தாப்புல இருக்கோம். எங்களுக்கு ஒரு வார்த்த இல்லியா?"

அவருக்கு நிஜமாகவே மனத்தாங்கல். அப்பா அவருக்கும் ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் வெகுநாள் அந்த வீட்டார் எங்களோடு பேசவில்லை.

அக்கா கூடையோடு வெளியே வந்தாள். பட்டுப்புடவையை அவிழ்க்கவில்லை. இழுத்துச் செருகியிருந்தாள். குனிந்து இலைகளை அள்ள ஆரம்பித்தாள். தெருவே பார்த்தது.

"விடுடி, நான் அள்றேன்" என்றாள் அம்மா.

"நீ ஏன் அள்ளணும்? எனக்காகக் கொட்டுனதுதான."

அள்ளி அள்ளிக் கொல்லைக் குழிக்குக் கொண்டு போனாள். தலையில் வைத்த பூவிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அப்பா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு தடவைகூட அவரை எழுந்துவரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எஞ்சித்தியத்தான் சாவடிக்கணுமா? உங்க பக்கத்துல ஆளே கெடைக்கலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பிறந்த ஊர் வானம் பார்த்த பூமி. அவர் வீட்டிலும் குப்பை கிடையாது. கொட்டுவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை. கூழ் குடித்த சட்டியை விரலால் வழித்துவிட்டால் கழுவக்கூட வேண்டாம் என்று அவர் ஒருதடவை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் குப்பை இல்லாததற்குக் காரணம் அம்மா. தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வாசல்தான். அப்பா கடைசி வரைக்கும் தெருவில் நின்றுதான் பார்த்தார். வீட்டுக்குள் வந்து அம்மா செய்வதை ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது. எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒழுகுகிற வாளியைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு விளங்கியது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆவணியில் மருந்துக்கடைப் பையனுக்குச் சிதம்பரத்திலேயே கல்யாணம் நடந்தது. அக்கா வெகுகாலம் கழித்துப் பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டாள். குறை சொல்ல முடியாத வாழ்க்கை. நிறை சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஆவணிக்கு முன்னால் ஒருநாள் இருந்தது.

அவர்கள் வந்து போன மறுநாளுக்கு மறுநாள். விடிந்ததும் அப்பா குளித்தார். கடைக்குப் போகிற சட்டையைப் போடவில்லை, வேறு சட்டை போட்டார்.

"சிதம்பரம் போயிட்டு வர்றேன்" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடந்தத சொல்லிடறேன். எலை நான் கொண்டாந்து கொட்டுனதுன்னு சொல்லிடறேன். அந்தம்மா வெளங்கிக்குவாங்க."

அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா ரயிலடிக்கு நடந்து போனார். அன்றைக்கு முழுவதும் அக்கா துணி மடித்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள். போட்டோ இன்னும் டிரங்குப் பெட்டி மேலேதான் இருந்தது. திருப்பிக் கேட்டு ஆள் வரவில்லை. அதனால் அக்காவுக்கு நம்பிக்கை இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். மத்தியானம் வாழைப்பூ நறுக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். வேட்டியில் ரயில் கரி. அக்கா தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"சொன்னீங்களா?" என்றாள் அம்மா.

"சொல்லத்தான் போனேன்."

"சொன்னீங்களா?"

"போனதும் வாங்க வாங்கன்னு ஒக்கார வச்சாங்க. மொகத்தக்கூடக் கோணல. சாப்பாட்டு வேளையாப் போச்சி. அந்தம்மாவே எலை போட்டுட்டாங்க. அவுங்க எலையில ஒக்காந்துகிட்டு அத எப்புடிச் சொல்றது? சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்பறம்?"

"சாப்புட்டேன். கை கழுவினேன். என்ன சேதியா வந்தீங்கன்னு அந்தம்மா கேட்டாங்க." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "கடை வேலையா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போனாள்.

அக்கா போகவில்லை. அவர் கையிலிருந்த காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"என்னா கொழம்பு வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலம்மா" என்றார்.